கருவிழிப் புண்: மணிக்கொரு சொட்டை மாற்றலாமா?

கேள்வி: கதிர் அடிக்கும்போது தூசி பட்டு அப்பாவுக்குக் கருவிழியில் புண். சுரண்டிப் பார்த்து, பாக்டீரியா என்று மாக்ஸிஃப்ளாக்சசின் 0.5% சொட்டு மருந்தை மணிக்கு ஒருமுறை விடச் சொன்னார்கள். இரண்டு நாளாகியும் சிவப்பு குறையவில்லை. ஸ்டீராய்டு கலந்த சொட்டு விட்டால் சீக்கிரம் தெளியும் என்கிறார் மருந்துக்கடைக்காரர். மாற்றலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஸ்டீராய்டு சிவப்பையும் வலியையும் அமுக்கும், கிருமியைக் கொல்லாது. பயிர்த்தூசி பட்ட கண்ணில் பூஞ்சையும் இருக்கக்கூடும். அப்படியிருந்தால் ஸ்டீராய்டால் புண் ஆழமாகி, கருவிழி ஓட்டையாகிவிடலாம்.

அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகமும் இணைந்து நடத்திய ஆய்வு 2012இல் வெளியானது. பாக்டீரியா என்று கல்ச்சரில் (சுரண்டி எடுத்ததை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) உறுதியான 500 பேருக்கும் முதல் 48 மணி நேரம் மாக்ஸிஃப்ளாக்சசின் மட்டுமே. அதன் பிறகுதான் ஒரு பாதிப் பேருக்கு பிரட்னிசோலோன் 1% என்ற ஸ்டீராய்டு சொட்டைச் சேர்த்தார்கள். மூன்று மாதம் கழித்து மொத்தமாகப் பார்த்தால் பார்வையில் வித்தியாசமே இல்லை. நடுக்கருவிழியில் பட்ட கடுமையான புண்களில் ஓரளவு பலன் தெரிந்தது. நோகார்டியா என்ற கிருமி இருந்தவர்களுக்குத் தழும்புதான் பெரிதானது. கல்ச்சர் முடிவைக் கையில் வைத்திருக்கும் மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு இது.

ஏன் மணிக்கொரு தடவை? விட்ட மருந்தைக் கண்ணீர் சில நிமிடங்களில் கழுவிவிடும். இடைவெளி விட்டால் புண்ணில் மருந்தின் அளவு இறங்கி, கிருமி மறுபடி பெருகும். ஒரு வேளைக்கு ஒரு சொட்டு போதும். இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். கையைச் சோப்பால் கழுவி, கீழிமையை இழுத்து அந்தக் குழியில் விடுங்கள். பாட்டில் முனை இமையில் படக்கூடாது. பிறகு கண்ணை மூடி, மூக்கோர மூலையை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். வேறு சொட்டும் இருந்தால் ஐந்து நிமிட இடைவெளி வேண்டும். இரவிலும் விடவேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடுமையான புண்ணுக்கு எழுப்பி விடச் சொல்வார்கள். தாய்ப்பால், பச்சிலைச் சாறு எதுவும் கூடாது. கட்டுப்போட்டு மூடவும் வேண்டாம்.

சிவப்பு கடைசியில்தான் போகும், அதை வைத்து அளக்காதீர்கள். 48 மணி நேரத்தில் புண்ணில் தெரியும் வெள்ளைப் புள்ளி பரவாமல் நின்றாலே மருந்து கேட்கிறது என்று பொருள். புண் ஆறினாலும் கண்ணில் பூ விழுந்ததுபோல் தழும்பு மிஞ்சலாம். அதற்குச் சொட்டு மருந்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வலி கூடினாலோ, புள்ளி பெரிதானாலோ, கருவிழியின் அடியில் வெள்ளையாகச் சீழ் தேங்கினாலோ, அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் அன்றே கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். விட்ட மருந்துப் பாட்டில்கள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.