சராசரி 22 நிமிடம்தான், ஆனாலும் கேஷுவாலிட்டியில் தினமும் சண்டை: எங்கே தேடுவது?

கேள்வி: மாவட்டத் தலைநகர் ஒன்றில் 150 படுக்கை உள்ள அறக்கட்டளை மருத்துவமனையில் நிர்வாக அலுவலராக இருக்கிறேன். கேஷுவாலிட்டியில் 8 படுக்கை. ஒரு நாளைக்கு சுமார் 72 பேர் வருகிறார்கள், அதில் 15 பேர் வரை அட்மிஷன். டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் நேரம் சராசரி 22 நிமிடம் என்கிறது மாத ரிப்போர்ட். ஆனால் சாயங்காலமானால் வாசலில் சண்டை. இன்னொரு டூட்டி டாக்டரைப் போடலாமா என்று நிர்வாகம் கேட்கிறது. என்னிடம் இருப்பது ரெஜிஸ்டரும் எக்செலும்தான். எப்படி அலசுவது?

பதில்: டாக்டர் போடும் முடிவை இரண்டு வாரம் தள்ளி வையுங்கள், அந்த 22 நிமிடத்தை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. காலை 11 மணிக்கு வந்தவர் 4 நிமிடத்தில் டாக்டரைப் பார்த்திருப்பார், இரவு 8 மணிக்குக் காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த அம்மா ஒன்றரை மணி நேரம் நின்றிருப்பார், இரண்டையும் கூட்டி வகுத்தால் அந்த அம்மா கணக்கிலேயே தெரிய மாட்டார். இன்னும் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. காத்திருந்து அலுத்து, டாக்டரைப் பார்க்காமலே கிளம்பியவர்களுக்கு 'டாக்டர் பார்த்த நேரம்' என்ற கட்டம் காலியாக இருக்கும். காலிக் கட்டத்தை எக்செல் சராசரியில் சேர்க்காது. அதாவது மிக அதிகமாகக் காத்திருந்தவர்களில் பலர் உங்கள் ரிப்போர்ட்டிலேயே இல்லை. முதல் வேலையாக அவர்களை எண்ணுங்கள்.

அப்புறம் 14 நாளுக்கு ஒவ்வொரு கேஸ் ஷீட்டிலும் ஒரு சின்னச் சீட்டைப் பின் பண்ணி ஏழு நேரங்களை மட்டும் எழுதச் சொல்லுங்கள்: வாசலுக்கு வந்தது, நர்ஸ் முதலில் பார்த்தது, டாக்டர் பார்த்தது, ரத்தம் அல்லது ஸ்கேனுக்கு அனுப்பியது, ரிசல்ட் வந்தது, அட்மிஷனா வீடா என்று முடிவானது, நோயாளி கேஷுவாலிட்டியை விட்டு நகர்ந்தது. வாசலுக்கு வந்த நேரத்தை செக்யூரிட்டியே எழுதட்டும், ஏனென்றால் பதிவுக் கவுண்டரில் சீட்டுப் போட்ட நேரத்திலிருந்து கணக்கைத் தொடங்கினால் கவுண்டர் வரிசையில் நின்றதெல்லாம் போய்விடும்.

இதில் கடிகாரத்தைக் கவனியுங்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் சாம்பிள் அனுப்புவதற்கு முன்பே ரிசல்ட் வந்ததாகப் பல வரிகள் இருந்தன, இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, கேஷுவாலிட்டி சுவர்க் கடிகாரம் லேப் கம்ப்யூட்டரைவிட 7 நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்று, எல்லா நேரமும் 8.00, 8.15, 8.30 என்று முடிந்தால் அது ஷிப்ட் கடைசியில் ஒரே மூச்சில் எழுதியது. நர்ஸைத் திட்ட வேண்டாம், அவர் ஒரு கையில் ஐவி போட்டுக்கொண்டிருப்பவர், சீட்டைச் சுருக்குங்கள்.

டேட்டா கையில் வந்ததும் நோயின் அவசரத்தைப் பொறுத்து சிவப்பு (உடனே பார்க்க வேண்டியவர்), மஞ்சள் (அடுத்த நிலை), பச்சை (காத்திருக்கக்கூடியவர்) என்று பிரித்துக்கொள்ளுங்கள். தமிழக அரசு மருத்துவமனைகளில் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தின் கீழ் பின்பற்றும் அதே வண்ணங்கள்தான். நெஞ்சு வலிக்கு வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்திருக்க வேண்டும், கால் சுளுக்கியவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஆபத்தில்லை, இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்தால் ஒன்றும் புரியாது. ஒவ்வொரு வண்ணத்துக்கும், நாளின் ஒவ்வொரு மணிக்கும் இரண்டு எண் போதும்: நடு மதிப்பு (மீடியன்), அப்புறம் பத்தில் ஒன்பது பேர் எத்தனை நிமிடத்துக்குள் பார்க்கப்பட்டார்கள் என்பது. சண்டை போடுகிறவர் பெரும்பாலும் அந்தப் பத்தாவது ஆள்.

இப்போது உங்கள் டாக்டர் கேள்வி. ஒரு டாக்டர் ஒருவரைப் பார்க்க சராசரி 12 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம், மணிக்கு 5 பேரைப் பார்க்கலாம். மணிக்கு 4 பேர் வந்தால் 80 சதவீதம் நேரம் அவருக்கு வேலை, ஆள் வருவதும் பார்க்கும் நேரமும் ஒழுங்கில்லாமல் ஏறி இறங்குவதால் எளிய வரிசைக் கணக்குப்படியே சராசரிக் காத்திருப்பு 48 நிமிடம். நாலரை பேர் வந்தால், அதாவது இரண்டு மணி நேரத்துக்கு ஒரே ஓர் ஆள் கூடினால், அது 108 நிமிடம். இந்த ஏற்றத்தைப் பலரும் எதிர்பார்ப்பதில்லை, டாக்டர் இன்னும் கொஞ்சம் சுறுசுறுப்பாக இருந்தால் சரியாகிவிடும் என்றுதான் நினைக்கிறார்கள், நியாயமே இல்லை. நெரிசல் மாலை 6 முதல் 10 வரைதான் என்று உங்கள் மணிவாரிக் கணக்கு காட்டினால் 24 மணி நேர டாக்டர் தேவையில்லை, அந்த நான்கு மணி நேரத்துக்கு ஒருவர் போதும்.

ஆனால் என் சந்தேகம் வேறு பக்கம். கடைசி இரண்டு நேரங்களைப் பாருங்கள், அட்மிஷன் என்று முடிவானதற்கும் வார்டுக்கு நகர்ந்ததற்கும் இடையே உள்ள இடைவெளி. அது 5 மணி நேரம் என்றால், தினம் 15 பேர் பெருக்கல் 5, மொத்தம் 75 படுக்கை-மணி, 24-ஆல் வகுத்தால் 3-க்குக் கொஞ்சம் மேல். அதாவது உங்கள் 8 படுக்கையில் மூன்றில் எந்நேரமும் வார்டு நோயாளிகள் படுத்திருக்கிறார்கள், கேஷுவாலிட்டி உண்மையில் 5 படுக்கையில் ஓடுகிறது. (வருகை வேகத்தை இருக்கும் நேரத்தால் பெருக்கினால் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை, 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்த இந்த விதிக்கு எந்த சாப்ட்வேரும் வேண்டாம்.) அந்த நிலையில் இன்னொரு டாக்டரைப் போட்டால் அவர் நோயாளியைப் படுக்க வைத்துப் பார்க்க இடம் தேடிக்கொண்டிருப்பார்.

அப்படித்தான் என்றால் வார்டுக்குப் போங்கள். காலை ரவுண்ட்ஸில் 9 மணிக்கே டிஸ்சார்ஜ் என்று சொன்னவர் மாலை 5 மணி வரை அதே கட்டிலில் உட்கார்ந்திருப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன், பை கட்டி, செருப்புப் போட்டு, டிபன் கேரியரைக் கழுவி வைத்துவிட்டு, சம்மரி டைப் ஆக வேண்டும், பார்மசி ரிட்டர்ன் (மிஞ்சிய மருந்து) போக வேண்டும், இன்ஷூரன்ஸ் அப்ரூவல் வர வேண்டும் என்று. டிஸ்சார்ஜ் ஆகிறவருக்கும் இதே மாதிரி ஒரு சீட்டைப் பின் பண்ணுங்கள்: டாக்டர் சொன்னது, சம்மரி முடிந்தது, பில் முடிந்தது, கட்டில் சுத்தமானது. எது இழுக்கிறது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். முந்தின நாள் இரவே சம்மரியைத் தயார் செய்வதும், மதியத்துக்கு முன் கட்டிலைக் காலி செய்வதும் இன்னொரு டாக்டரின் சம்பளத்தைவிடச் செலவு குறைவு.

எக்செலைத் திறப்பதற்கு முன் ஒரு நாள் மாலை 6-லிருந்து 10 வரை நீங்களே அந்த வாசல் பெஞ்சில், அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, உட்காருங்கள். யாரும் வந்து எதுவும் சொல்லாத அந்த முதல் அரை மணி நேரம் எந்தச் சீட்டிலும் ஏறாது.