பெர்லினில் ரயில் பழகிய கதை: கடைசி ஸ்டேஷன் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள்

கேள்வி: புதிதாகப் போன வெளிநாட்டு நகரத்தில் பஸ், ரயிலில் போய்வர எப்படிப் பழகிக்கொண்டீர்கள்? முதலில் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

நான் பழகிய ஊர் பெர்லின். 2022 அக்டோபரில் வேலைக்காக வந்து சேர்ந்தேன். வீடு தெற்கே ஹெர்மன்ஷ்ட்ராஸ ஸ்டேஷன் பக்கம். அலுவலகம் ஊருக்கு நடுவில், அலெக்ஸாண்டர்பிளாட்ஸில். முதல் வாரம் முழுக்க ரயில் வரைபடத்தை வைத்துக்கொண்டு திண்டாடினேன். ஊ-பான் என்ற சுரங்க ரயில் மட்டும் ஒன்பது தடம். எஸ்-பான் என்ற புறநகர் ரயிலில் அதைவிட அதிகம். அப்புறம் டிராம், பஸ் என்று தனித்தனியாக இருக்கின்றன. வரைபடத்தை மனப்பாடம் செய்யப் பார்த்ததுதான் நான் செய்த தவறு. அது யாருக்கும் தேவையில்லை.

தேவையானது ஒன்றே ஒன்று: நீங்கள் ஏற வேண்டிய வண்டி கடைசியாக எந்த ஸ்டேஷனில் போய் நிற்கும் என்ற பெயர். பெர்லினில் பிளாட்பாரத்துப் பலகையில் வடக்கு, தெற்கு என்று போட்டிருக்காது. ஊ8 தடத்தில் ஒரு பக்கம் விட்டெனாவ், மறுபக்கம் ஹெர்மன்ஷ்ட்ராஸ. ஊ7 தடத்தில் ரூடோ அல்லது ராட்ஹவுஸ் ஷ்பாண்டாவ். நான் அலுவலகம் போக விட்டெனாவ் வண்டியில் ஏறி ஒன்பதாவது ஸ்டேஷனில் இறங்க வேண்டும். விட்டெனாவ் எங்கே இருக்கிறது, அங்கே என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அங்கே போனதே இல்லை. ஆனால் அந்தப் பெயர் தெரியாவிட்டால் வேலைக்குப் போக முடியாது.

அடுத்து டிக்கெட். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எனக்கு 60 யூரோ போனது. பெர்லின் ஸ்டேஷன்களில் தானியங்கிக் கதவு கிடையாது. படி இறங்கினால் நேராகப் பிளாட்பாரம். யாரும் தடுக்க மாட்டார்கள், கண்டக்டரும் வர மாட்டார். நான் மெஷினில் டிக்கெட் எடுத்து பத்திரமாகப் பர்ஸில் வைத்துக்கொண்டு ஏறிவிட்டேன். இரண்டு ஸ்டேஷன் தாண்டியதும் எதிரில் ஜீன்ஸ், ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தவர் எழுந்து அடையாள அட்டையைக் காட்டினார். டிக்கெட்டைக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரை இல்லை. பிளாட்பாரத்திலேயே இடுப்பளவு உயரத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதன் வாயில் டிக்கெட்டின் நுனியைச் செருகினால் டக்கென்று ஒரு சத்தத்தோடு தேதியும் நேரமும் அச்சாகும். அந்த அச்சு இல்லாத டிக்கெட், டிக்கெட்டே இல்லாததற்குச் சமம். காசு கொடுத்து வாங்கியிருக்கிறேனே என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை, பொறுமையாக விளக்கிவிட்டு அபராதச் சீட்டை எழுதினார். அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. பணம் போனதைவிட, சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் என்னை ஏமாற்றுக்காரன் என்று நினைத்திருப்பார்களோ என்பதுதான் உறுத்தியது. எனவே புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, காகித டிக்கெட் வாங்கினால் அந்தப் பெட்டியைத் தேடுங்கள் என்பதுதான்.

டிக்கெட்டில் ஏ, பி, சி என்று மூன்று வட்டங்கள் உண்டு. ரிங்பான் என்ற வட்ட ரயில் பாதைக்கு உள்ளே இருப்பது ஏ, அங்கிருந்து நகர எல்லை வரை பி, எல்லைக்கு வெளியே சி. விமான நிலையம் சி-யில் இருக்கிறது. ஏபி டிக்கெட்டோடு அங்கே போனால் அதுவும் அபராதம்தான். ஒற்றைப் பயண டிக்கெட்டுக்கு இரண்டு மணி நேரம், ஆனால் போன வழியே திரும்பி வரக் கூடாது. ஒரு மாதம் தங்குவதாக இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம், டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுத்துவிடுங்கள். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில், பஸ், டிராம் எல்லாவற்றிலும் செல்லும், நெடுந்தூர விரைவு ரயிலில் மட்டும் செல்லாது. அது சந்தா என்பதை மறந்துவிடாதீர்கள். நிறுத்த வேண்டுமென்றால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் சொல்லியாக வேண்டும்.

இதையெல்லாம் நான் தட்டுத்தடுமாறி ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டேன். 2024 கோடையில் வந்த அம்மா ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். குரோம்பேட்டையிலிருந்து எழும்பூருக்கு 22 வருடம் மின்சார ரயிலில் வேலைக்குப் போய்வந்தவர். ஹெர்மன்ஷ்ட்ராஸ பிளாட்பாரத்தில் நான் நீளமாக விளக்கிக்கொண்டிருந்தேன். பலகையைப் பார்த்தவர், “சரிப்பா, இது விட்டெனாவ் வண்டி. நம்ம பீச் வண்டி, தாம்பரம் வண்டி மாதிரிதானே?” என்றார். அவ்வளவுதான். சென்னையில் எத்தனையோ வருடம் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், எனக்கு அது தோன்றவே இல்லை.

அம்மாவுக்கு ஜெர்மன் எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. அதனால் ஸ்டேஷனைச் சுவரை வைத்து அடையாளம் பிடித்தார். ஊ8 தடத்தின் பல ஸ்டேஷன்களை வடிவமைத்தவர் ஆல்ஃபிரட் கிரேனாண்டர் என்ற ஸ்வீடன் நாட்டுக் கட்டடக் கலைஞர். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் சுவரில் பதித்த ஓட்டின் நிறத்தை மாற்றியிருப்பார். அலெக்ஸாண்டர்பிளாட்ஸில் அந்த ஓடு நீலம் கலந்த பச்சை. “மயில் கழுத்துக் கலர் வந்தா உன் ஆபீஸ்” என்பது அம்மாவின் கணக்கு. அந்தக் கணக்கு ஒருநாளும் தப்பவில்லை.

அந்த வழியில் ஆறு ஸ்டேஷன்கள், ஊரைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்த பெர்லின் சுவர் இருந்த காலத்தில் மூடிக் கிடந்தவை. தடத்தின் இரண்டு முனைகளும் மேற்கு பெர்லினில், நடுப்பகுதி மட்டும் கிழக்கின் அடியில். 1961-லிருந்து மேற்கின் ரயில் அந்த ஸ்டேஷன்களில் நிற்காமல் மெதுவாக ஊர்ந்து போகும். மங்கலான வெளிச்சத்தில் காவலர்கள் மட்டும் நிற்பார்கள். சுவர் திறந்து இரண்டு நாள் கழித்து, 1989 நவம்பர் 11 அன்று, யானோவிட்ஸ்ப்ருக்க என்ற ஸ்டேஷன்தான் முதலில் திறந்தது. இதைச் சொன்ன பிறகு அந்த ஸ்டேஷன் வரும்போதெல்லாம் அம்மா கதவு திறந்து ஆட்கள் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அம்மா முதன்முதலாகத் தனியாகப் போனது முருகன் கோயிலுக்கு. ஈழத்தமிழர்கள் கட்டிய மயூரபதி முருகன் கோயில், பிளாஷ்கோஅலே ஸ்டேஷன் பக்கம். விட்டெனாவ் வண்டியில் ஹெர்மன்பிளாட்ஸ் வரை போய், ரூடோ வண்டிக்கு மாறி, ஐந்தாவது ஸ்டேஷனில் இறங்க வேண்டும். இதைவிடக் குறுக்கு வழி உண்டு. ரிங்பானில் ஒரே ஒரு ஸ்டேஷன் போய் மாறினால் போதும். ஆனால் அம்மாவுக்கு ரிங்பான் மேல் நம்பிக்கை வரவில்லை. “கடைசி ஸ்டேஷனே இல்லாத வண்டியில எப்படிப்பா ஏறுறது?” என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். 37 கிலோமீட்டர், 27 ஸ்டேஷன், முழுச் சுற்றுக்கு ஒரு மணி நேரம். சுவரால் அறுபட்ட இந்த வட்டம் மறுபடி முழுதாக இணைந்தது 2002-இல். எஸ்41, எஸ்42 என்று இரண்டு வண்டிகள் எதிரெதிராகச் சுற்றுகின்றன. எனக்கும் இங்கே சறுக்கியது உண்டு. ஓஸ்ட்க்ரொய்ட்ஸ் போக வேண்டியவன், அதே பிளாட்பாரத்துக்கு வந்த எஸ்46-ல் ஏறிவிட்டேன். ஒரு ஸ்டேஷன் வரை எல்லாம் சரியாக இருந்தது. நொய்கோல்ன் தாண்டியதும் அது வட்டத்தை விட்டு விலகித் தென்கிழக்கே போய்விட்டது. இறங்கி எதிர் வண்டி பிடித்து வருவதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது. திசை சரியாக இருந்தால் மட்டும் போதாது, வண்டி எண்ணையும் பார்க்க வேண்டும் என்று அன்று புரிந்தது.

எந்த எண் எந்தப் பக்கம் சுற்றும் என்பதை எனக்கு மறக்காதபடி சொல்லிக்கொடுத்தவரும் அம்மாதான். கடிகார திசை, எதிர்த் திசை என்று நான் ஒவ்வொரு முறையும் யோசித்துக்கொண்டு நிற்பேன். “41 பிராகாரம் சுத்துற மாதிரி வலமா வருது, 42 இடமா வருது. இதுல என்னப்பா குழப்பம்?” என்றார். அதற்கப்புறம் எனக்குத் தப்பியதே இல்லை.

ஊருக்குத் திரும்ப இரண்டு நாள் இருந்தபோது, ஒரு தடவை முழுசாகச் சுற்றிவிட்டு வரலாம் என்று அவரே கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை ஹெர்மன்ஷ்ட்ராஸவில் எஸ்41 ஏறினோம். ஜன்னலோரம் அவர். டெம்பல்ஹோஃப் பழைய விமான நிலையத்தின் வெட்டவெளி, மேற்கே பொருட்காட்சித் திடல் பக்கம் நிற்கும் வானொலிக் கோபுரம், வடக்கே கால்வாயும் துறைமுகமும், கிழக்கே ஓஸ்ட்க்ரொய்ட்ஸ், ட்ரெப்டவ் பக்கம் ஆற்றின் மேல் பாலம். அம்மா அதிகம் பேசவில்லை, விரல் விட்டு ஸ்டேஷன் எண்ணிக்கொண்டே வந்தார். நொய்கோல்ன் போனதும் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். அறிவிப்பு வருவதற்கு முன்பே எழுந்து கதவுப் பக்கம் போய், பச்சை விளக்கு எரிந்ததும் பொத்தானை அவரே அழுத்தினார்.