பழுப்புக் கொழுப்பில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா எப்போதும் எரிந்துகொண்டே இருக்குமா? அதை நிறுத்துவது எது?

எப்போதும் எரியாது. (பழுப்புக் கொழுப்பு என்பது உடலுக்கு வெப்பம் தர எரியும் ஒரு வகைக் கொழுப்பு. மைட்டோகாண்ட்ரியா என்பவை செல்லுக்குள் எரிபொருளை எரிக்கும் குட்டி உலைகள்.) சும்மா இருக்கும்போது வெப்பத்துக்கான வழி அடைத்தே கிடக்கும். திறக்கத்தான் உத்தரவு வேண்டும்.

எந்த செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா எரிபொருளை எரித்து, அந்த ஆற்றலால் புரோட்டான்களை உள்சவ்வுக்கு வெளியே இறைக்கும். அணையில் நீர் தேங்குவதுபோல அவை அங்கே சேரும். சுழலி வழியாகத் திரும்ப இறங்கினால் செல் செலவழிக்கும் ஆற்றல் நாணயமான ஏடிபி உண்டாகும். தேக்கம் நிறைந்துவிட்டால் இறைப்பது தானாக மந்தமாகும். இந்த விளக்கத்துக்குத்தான் பீட்டர் மிட்செலுக்கு 1978இல் வேதியியல் நோபல் கிடைத்தது. பழுப்புக் கொழுப்பில் மட்டும் சுழலியைச் சுற்றிக்கொண்டு போக ஒரு மதகு உண்டு: யுசிபி1 என்ற புரதம். அதையும் அதே 1978இல்தான் அடையாளம் கண்டார்கள்! மதகு திறந்தால் தேக்கம் நிறையவே நிறையாது. மைட்டோகாண்ட்ரியா மூச்சிரைக்க எரித்துத் தள்ளும். ஏடிபி அவ்வளவாகக் கிடைக்காது, ஆற்றல் வெப்பமாகிவிடும்.

கட்டுப்பாடு எங்கே என்றால், மதகை அடைத்துக்கொண்டிருப்பது ஏடிபி, ஜிடிபி போன்ற நியூக்ளியோடைடுகள். அவை செல்லில் எப்போதும் இருப்பவை. அதனால் மதகு இயல்பாகவே மூடியிருக்கும். குளிர் பட்டதும் மூளையின் ஹைப்போதலாமஸிலிருந்து பரிவு நரம்புகள் வழியாகச் செய்தி வரும். நரம்பு முனைகள் நார்அட்ரினலினைச் சுரக்கும். அது செல்லின் ஏற்பியில் ஒட்டியதும், உள்ளே சிறு சிறு துளிகளாக இருக்கும் கொழுப்பை நொதிகள் உடைத்துக் கொழுப்பு அமிலங்களை வெளியே விடும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அந்தக் கொழுப்பு அமிலமே எரிபொருள். நியூக்ளியோடைடின் பிடியை மீறி யுசிபி1ஐத் திறப்பதும் அதுவே. குளிர் விட்டதும் நார்அட்ரினலின் குறையும், கொழுப்பு உடைவது நிற்கும், மிச்சமிருக்கும் கொழுப்பு அமிலமும் எரிந்து தீரும், நியூக்ளியோடைடு மறுபடி போய் உட்கார்ந்துகொள்ளும். அணைப்பதற்கென்று தனியாக ஆள் தேவையே இல்லை. (கொழுப்பு அமிலம் புரோட்டானை எப்படிக் கடத்துகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை.)

இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டைநைட்ரோஃபீனால் சாட்சி. 1930களில் உடல் மெலியக் கொடுத்த மாத்திரை. அதுவும் புரோட்டான்களைச் சவ்வின் குறுக்கே கடத்தும், ஆனால் எல்லா செல்களிலும், யார் உத்தரவும் இல்லாமல். உடல் சூடேறிச் செத்தவர்கள் உண்டு. 1938இல் அமெரிக்காவில் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். இன்றும் இணையத்தில் திருட்டுத்தனமாக விற்கிறார்கள், தயவுசெய்து தொடாதீர்கள்.

மேலே சொன்னது நிமிடக் கணக்கில் நடப்பது. குளிர் நாள்கணக்கில் நீடித்தால் அதே நார்அட்ரினலின் யுசிபி1 மரபணுவையும் முடுக்கிவிடும், மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகும். பன்றிகளில் அந்த மரபணு பழுதாகிக் கிடக்கிறது. அதனால்தான் பன்றிக்குட்டி குளிருக்கு நடுங்கியே சமாளிக்கிறது. மனிதக் குழந்தைகள் பிறக்கும்போதே தோள்பட்டைகளுக்கு நடுவே இந்தக் கொழுப்போடு வருகின்றன.

எடை குறையுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பெரியவர்களிடமும் கழுத்து, காறையெலும்புப் பக்கம் இது வேலை செய்வதை 2009இல் பெட் ஸ்கேன் வைத்து உறுதி செய்தார்கள். ஆனால் அளவு கொஞ்சம்தான், ஆளுக்கு ஆள் மாறும். குளிரில் இருந்தால் பசியும் கூடும். ஐஸ் குளியலை நம்பிச் சாப்பாட்டைக் கூட்டிவிடாதீர்கள்.