புத்தகத்துக்கும் அரைப்பேரா?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன் அக்கா, வயது 34, ஹட்டனில் துணிக்கடையில் வேலை. அம்மா கொழுந்து எடுத்துத்தான் எங்களை வளர்த்தார். சாதாரண தரப் பரீட்சையோடு புத்தகத்தை மூடியவள், ஜனவரியில் ஒரு வேகத்தில் இந்த வருஷம் 24 புத்தகம் வாசிப்பேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். ஜூன் முடியப்போகிறது, மூன்றுதான் முடிந்திருக்கிறது. நூலகத்தில் எடுத்த தடித்த நாவல் 80ஆம் பக்கத்தில் நிற்கிறது. தம்பி கேலி பண்ணுகிறான். எனக்கு வாசிப்பு சரிவராதா?

பதில்: தங்கச்சி, கொழுந்து நிறுக்கிற மடுவத்துத் தராசைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் என்று அம்மா முகம் வாடி வந்ததைப் பார்த்திருப்பீர்கள், இப்போது நீங்களே கங்காணியாக நின்று உங்களுக்கு அரைப்பேர் போடுகிறீர்கள். பதினெட்டு வருஷம் தொடாததைத் தொட்டு மூன்று முடித்திருக்கிறீர்களே, அதை ஏன் தம்பியிடம் சொல்லவில்லை?

கணக்கையும் பார்ப்போம். புத்தகம் 200 பக்கம் என்றால் 24க்கு 4,800 பக்கம், நாளுக்கு 13. கேட்கச் சின்னதுதான். ஆனால் கடை மூடி, பஸ் பிடித்து, வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்கிற ஆளுக்கு 365 நாளும் தவறாமல் 13 பக்கம் நடக்காது. பஸ்ஸில் வாசிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், டிக்கோயா தாண்டி அந்த வளைவுகளில் குனிந்து எழுத்தைப் பார்த்தால் நோர்வூட் வருவதற்குள் வயிற்றைப் புரட்டும்.

அதனால் புத்தகத்தை எண்ணுவதை விட்டுவிட்டு வாசித்த நாட்களை எண்ணுங்கள். கடையில் கொடுத்த கலண்டர் இருக்கும்தானே, வாசித்த நாளில் ஒரு கோடு. பத்து நிமிஷம் என்றாலும் கோடுதான், வாரத்துக்கு ஐந்து கோடு விழுந்தால் தாராளம். ஒரு கொப்பியில் திகதி, பக்கம், மனதில் நின்ற ஒரு வரி, அவ்வளவு போதும்.

அந்த நாவலை விட்டுவிடுங்கள். தொடங்கியதை முடித்தே ஆகவேண்டும் என்று நானும் ஒரு தலையணைப் புத்தகத்தை இரண்டு வருஷம் கட்டிக்கொண்டு அழுதேன், மூன்றாம் அத்தியாயம் தாண்டுவதற்குள் நம்ம ஊர் ஈரத்துக்கு அட்டையில் பூஞ்சணம் பிடித்துவிட்டது!

இப்போதைக்குச் சிறுகதைக்கு வாருங்கள். மலையக எழுத்தாளர் என்.எஸ்.எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ 1980இல் வந்த தொகுப்பு. கொழுந்து, லயம், கங்காணி என்று வந்தால் மற்ற ஊர்க்காரர் அர்த்தம் கேட்பார்கள், உங்களுக்கு அந்தச் சிரமமே இல்லை. புத்தகமாகக் கிடைக்காவிட்டால் ‘நூலகம்’ இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள், இலங்கைத் தமிழ்ப் புத்தகங்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாக இருக்கின்றன. ஸ்கேன் பண்ணிய பக்கங்கள் என்பதால் சின்னப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கித்தான் வாசிக்க வேண்டிவரும், கண் நோகும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை ஒரு கதையை அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். கதையில் கொழுந்து எடுக்கிற விதம் பிழை என்றால் அவரே சொல்வார். அந்த நாளுக்கு இரண்டு கோடு போடலாம், தம்பியும் எப்படியும் பக்கத்தில் வந்து உட்காருவான்.

நாவலின் தவணை எப்போதோ முடிந்திருக்கும், தண்டப்பணத்தைக் கட்டிவிட்டு அப்படியே சிறுகதை அலுமாரிப் பக்கம் போங்கள்.