மொன்றியலில் மெதடிஸ்த சேர்ச் எங்கே?

தம்பி, பருத்தித்துறை மெதடிஸ்த சேர்ச்சில் ஞானஸ்நானம் எடுத்தவர் நீங்கள், மொன்றியலுக்கு வந்து நாலு மாதமாகத் தேடியும் அந்தப் பெயரில் ஒரு பலகைகூடக் கண்ணில் படவில்லை, அவர்கள் எல்லோரும் எங்கே போனார்கள் என்று கேட்டிருந்தீர்கள். வந்த புதிதில் நானும் இதே கேள்வியோடுதான் அலைந்தேன்.

அவர்கள் எங்கும் போகவில்லை, பெயர்தான் மாறிவிட்டது. 1925 ஜூன் 10ஆம் திகதி, ரொறன்ரோவில் ஒரு பனிச்சறுக்கு அரங்கில் கூடி, கனடாவின் மெதடிஸ்தர்களும் கொங்கிறிகேசனல் சபையினரும் பிரெஸ்பிட்டேரியன்களில் பெரும்பகுதியினரும் ஒன்றாகி, கனடா ஐக்கிய திருச்சபை ஆனார்கள். அதனால் 'யுனைற்றட் சேர்ச்' என்ற பலகையைக் கண்டால் உள்ளே போய்ப் பாருங்கள். பழைய மெதடிஸ்தக் கட்டடமா என்பதை அதன் அமைப்பே பல இடங்களில் காட்டிக் கொடுத்துவிடும்.

முதலில் சென் ஜேம்ஸ் யுனைற்றட் சேர்ச்சுக்குப் போங்கள், முன்பு மெதடிஸ்த சேர்ச்சாக இருந்தது. மெக்கில் மெற்றோவில் இறங்கி, சென் கத்தறீன் வீதியில் அங்கிலிக்கன் பேராலயத்தைத் தாண்டிக் கிழக்கே கொஞ்சத் தூரம் நடந்தால் போதும். 1889இல் திறந்த கட்டடம் அது, அலெக்சாண்டர் டன்லப் என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது. இதற்கு முந்திய சேர்ச் சென் ஜேம்ஸ் வீதியில் இருந்தது. இடம் மாறியபோது வீதியின் பெயரையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள்.

நான் 1991இல் வந்தேன். அந்த வீதியில் எத்தனையோ தரம் நடந்திருக்கிறேன், குளிர் சப்பாத்தும் அங்கேதான் வாங்கினேன். ஆனால் ஒரு சேர்ச்சின் முற்றத்தில் நிற்கிறேன் என்று அப்போது தெரியாது. கடன் கழுத்தை நெரித்ததால், 1920களின் பிற்பகுதியில் சபையார் முன்னாலிருந்த வெறும் நிலத்தில் கடைத்தொகுதி கட்டி வாடகைக்கு விட்டார்கள். முக்கால் நூற்றாண்டுக்கு மேல் முகப்பு அந்தக் கடைகளுக்குப் பின்னால் மறைந்து கிடந்தது. அதற்காகச் சபையாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்த வாடகை இல்லாவிட்டால் கட்டடமே கைமாறியிருக்கும். 2005இல் கடைகளை இடித்தார்கள். தூசி அடங்கி, கல் முகப்பும் கோபுரங்களும் வெயிலில் முழுதாகத் தெரிந்த நாளில் வேலைக்குப் போகாமல் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றேன்.

வெளியே பார்த்தால் கத்தோலிக்கப் பேராலயம் என்றே நினைப்பீர்கள். கூர்வளைவு வாசல்கள், உயர்ந்த கோபுரங்கள், எல்லாம் கோதிக் பாணி. உள்ளே போனால் கதை வேறு. பக்கத்திலுள்ள சென் பற்றிக் பசிலிக்காவில் நீண்ட நடுக்கூடம் உங்கள் கண்ணைக் கடைசியில் இருக்கும் பலிபீடத்துக்கு இழுத்துப் போகும். இங்கே இருக்கைகள் மேடையைச் சுற்றி வளைந்து வளைந்து போகின்றன. மேலே லாட வடிவில் மாடம். எங்கே இருந்தாலும் பிரசங்கியாரின் முகம் தெரியவேண்டும், குரல் கேட்கவேண்டும் என்பதற்காக அமைத்த கூடம் இது. மெதடிஸ்தர்களுக்குப் பிரசங்கமும் கூடிப் பாடுவதும்தான் ஆராதனையின் உயிர். 1814இல் யாழ்ப்பாணம் வந்த வெஸ்லியன், அதாவது மெதடிஸ்த, மிஷனரிமார் கொண்டுவந்ததும் அதைத்தானே.

ஒரு வரிசையின் ஓரத்தில் இருந்துகொண்டு பக்கத்து வரிசையைப் பாருங்கள். வளைவு காரணமாக எதிர்ப்பக்கம் இருப்பவர்களின் முகங்கள் தெரியும். ஊரில் முன்னால் இருப்பவரின் பிடரியைப் பார்த்தே வளர்ந்த எனக்கு முதல்தரம் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அப்புறம் அதுவே பிடித்துப்போனது. யாரையும் தெரியாத ஊரில், மூன்றாம் ஞாயிறு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கிழவி தலையசைத்தார்.

ஆராதனை ஆங்கிலத்தில்தான், தமிழ் இருக்காது. ஆனால் மெதடிஸ்தப் பாடலாசிரியர் சார்ள்ஸ் வெஸ்லியின் பாட்டு வந்தால் மெட்டு உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கும், தமிழ் வரிகளை மெதுவாகப் பாடுங்கள். குளிர் உடுப்போடு போய் மாடத்தில் ஏறி இருங்கள், கூடம் முழுவதும் அங்கிருந்துதான் தெரியும்.