அந்த நோட்டைத் திறந்து பார்த்தீர்களா?

ஐயா, போன வாரம் நீங்களும் உங்கள் மனைவியும் மகளை அழைத்துக்கொண்டு வந்திருந்தீர்கள். ஒன்றரை மணி நேரம் பேசினோம். உங்கள் அண்ணன் சொன்னது, மைத்துனர் சொன்னது, பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்த படிப்பு எல்லாம் பேச்சில் வந்தன. உங்கள் மகள் பேசியது பத்து நிமிடம்கூட இருக்காது. மக்களின் வாழ்க்கைமுறை, உறவுமுறை, சடங்குகளை ஆராயும் பண்பாட்டு மானிடவியல் படிக்க வேண்டும் என்று அவள் வாயைத் திறந்ததும் உங்கள் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "கவலைப்படாதீர்கள், யோசித்து எழுதுகிறேன்" என்று சொல்லி அனுப்பினேன்.

யோசித்தேன். இப்போது கேட்டால் கவலைப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். கவலைப்பட வேண்டிய விஷயம் இருக்கிறது. ஆனால் அது அவள் கேட்கும் படிப்பு இல்லை, நீங்கள் மனதில் வைத்திருக்கும் இரண்டு யோசனைகள்.

முதலாவது, பெரியப்பா சொல்கிறார் என்பதற்காகக் கணினிப் பொறியியல். மதிப்பெண் இருக்கிறது, இடம் கிடைக்கும், உண்மைதான். அந்த இடத்தில் நான்கு வருடம் உட்கார வேண்டியது அவள். "கணக்கு நல்லா வரும் சார், ஆனா போட்டு முடிச்சதும் மூடி வெச்சுடுவேன்" என்று அவள் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா தெரியவில்லை. நீங்கள் அப்போது கட்டண விவரம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். விரும்பிச் சேரும் பிள்ளைக்கு அது நல்ல படிப்பு. மூடி வைத்துவிடும் பிள்ளைக்கு அது தண்டனை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெரியப்பா கேட்டால் என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.

இரண்டாவது, உங்கள் மைத்துனருடைய யோசனை. மானிடவியல்தான் என்று பிடிவாதமாக இருந்தால், உலகமே அறிந்த பெரிய பல்கலைக்கழகத்தில் படிக்கட்டும், வீட்டை அடமானம் வைத்தாவது அனுப்புங்கள் என்கிறார். அன்பில் சொல்வதுதான். ஆனால் முதலாவதைவிட இதுதான் எனக்கு அதிக பயம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்த நோட்டு. நீல அட்டை போட்டது, பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாளே. நீங்கள் திறந்து பார்த்தீர்களா? உறவினர்கள் ஒவ்வொருவரும் மற்றவரை என்ன முறை சொல்லி அழைக்கிறார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். ஆணுக்கு ஒரு குறி, பெண்ணுக்கு ஒரு குறி, நடுவில் கோடுகள். ஒரே ஆளை அப்பா வழியில் ஒரு முறையும் அம்மா வழியில் வேறு முறையும் சொல்ல வேண்டி வந்தால் அங்கே சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி. ஓரத்தில் யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்ற குறிப்பு. யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததில்லை. மானிடவியலில் ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்குச் சமக்குறி போடுவார்கள் என்று ஒரு தாளில் வரைந்து காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "எல்லாரும் ஒரே மாதிரி எழுதினா, ஒண்ணு பக்கத்துல ஒண்ணு வெச்சுப் பார்க்கலாமே" என்றாள்.

அந்த ஒரு பேச்சுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்க வழக்கறிஞருக்கும் இதே எண்ணம்தான் வந்தது. பல நாடுகளுக்குக் கேள்விப் பட்டியல் அனுப்பி, நூற்றுக்கும் மேற்பட்ட மக்கள் குழுக்களின் உறவுமுறைச் சொற்களைத் திரட்டி, 1871-ல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அட்டவணையாக வெளியிட்டார். தமிழ் உறவுச் சொற்களும் அதில் இருக்கின்றன. 1898-ல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கினிக்கும் இடையில் உள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன ஆய்வுக் குழுவில் இருந்த ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், வம்சாவளியைக் கேட்டு எழுதுவதற்கு ஒரு முறையையே வகுத்தார். உங்கள் மகள் தன் அறையில் தனியாக உட்கார்ந்து செய்துகொண்டிருப்பது அந்த வேலை.

இதைப் படித்தால் என்ன ஆகலாம் என்று கேட்டீர்கள். பேராசிரியர், அரசுத் தேர்வு, தொண்டு நிறுவனம் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் அவற்றை விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஒரு துறையின் மாணவர்கள் எல்லோரும் புரட்டும் கலைக்களஞ்சியம், பொருளடைவு, அட்டவணை, தரவுத்தளம் ஆகியவற்றை யாரோ உட்கார்ந்து உருவாக்குகிறார்கள், திருத்துகிறார்கள், பராமரிக்கிறார்கள். நோக்கு நூல்கள் என்று மொத்தமாகச் சொல்கிறோமே, அவற்றின் பின்னால் இருக்கும் வேலை அது. உங்கள் மகளின் கை அதற்குத்தான் பழகியிருக்கிறது.

அது எப்படிப்பட்ட வேலை என்று ஒன்றை மட்டும் அருகில் வைத்துக் காட்டுகிறேன். அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், யேல் பல்கலைக்கழகத்தை ஒட்டி, ஹியூமன் ரிலேஷன்ஸ் ஏரியா ஃபைல்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது. ஐந்து பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 1949-ல் தொடங்கியது. உலகின் பல மக்களின் வாழ்க்கையை நேரில் பார்த்து எழுதிய இனவரைவியல் நூல்களை எடுத்து, பத்தி பத்தியாகப் படித்து, ஒவ்வொரு பத்திக்கும் பொருள் எண் போட்டு அடுக்குவதுதான் அங்கே வேலை. எண்களுக்கான பட்டியலை அமெரிக்க மானிடவியலாளர் ஜார்ஜ் பீட்டர் மர்டாக்கும் அவருடன் இருந்தவர்களும் 1938-லேயே வெளியிட்டுவிட்டார்கள். இன்று அதில் எழுநூறுக்கும் மேற்பட்ட தலைப்புகள். உறவுமுறைச் சொற்களுக்கு 601, திருமணச் சடங்குக்கு 585, இறந்தவரை அடக்கம் செய்வதற்கு 764, துக்கம் காப்பதற்கு 765.

ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். ஒருவர் இறந்ததும் அந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டுவதில்லை, இறந்தவரின் சகோதரி வீட்டிலிருந்து உணவு வருகிறது என்று எழுதியிருக்கிறது. இதற்கு என்ன எண்? 765, சந்தேகமில்லை. சகோதரி வீட்டாருக்கு ஒரு கடமை இருப்பதால் உறவினர் நடைமுறைக்கான 602-ம் வேண்டும். சமையலுக்கான 252? அடுப்பு என்ற சொல் இருக்கிறது என்பதற்காகப் போட்டுவிட்டால், சமையல் முறைகளைத் தேடி வருபவர் ஏமாந்து போவார். போடாமல் விட்டால், எப்போதெல்லாம் சமைக்காமல் இருக்கிறார்கள் என்று தேடுபவருக்கு இந்தப் பத்தி கிடைக்கவே கிடைக்காது. இதைத் தீர்மானிக்கப் படித்த ஆள் வேண்டும். அந்த மக்களைப் பற்றி, எழுதியவரைப் பற்றி, தேடி வரப்போகிறவரைப் பற்றி மூன்றும் தெரிந்த ஆள். கணினி வருவதற்கு முன் ஒரு பக்கத்தை எத்தனை தலைப்பு உண்டோ அத்தனை பிரதி எடுத்து, ஒவ்வொரு தலைப்பின் கீழும் ஒன்று வைத்தார்கள். இன்று இணையத்தில் தேடலாம். எண் போடும் புத்தி மட்டும் அதே புத்திதான்.

இதே ஆசையில் பிறந்தவை இன்னும் உண்டு. நாட்டார் கதைகளை ஆராய்ந்த அமெரிக்கர் ஸ்டித் தாம்சன் 1932 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட கதைக்கூறு அடைவில், மந்திரத்துக்கு ஒரு பிரிவு, இறந்தவர்களுக்கு ஒரு பிரிவு, ஏமாற்று வேலைகளுக்கு ஒரு பிரிவு என்று உலகக் கதைகளின் துண்டுகள் எல்லாம் எண்ணோடு நிற்கின்றன. 1910-ல் ஃபின்லாந்தின் ஆர்னே தொடங்கி, தாம்சன் விரித்து, 2004-ல் ஜெர்மனியின் ஊதர் திருத்திய, முழுக் கதைகளை வகைப்படுத்தும் அடைவில் சிண்ட்ரெல்லா கதைக்கு 510A என்ற எண். ஒரு பாட்டி சொன்ன கதை எந்தெந்த நாட்டில் எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்க அந்த எண்ணே போதும். பல சமூகங்களின் வழக்கங்களை அட்டவணையாக்கி மர்டாக் 1962-ல் வெளியிடத் தொடங்கிய இனவரைவியல் அட்லஸ், 1969-ல் அவரும் டக்ளஸ் வைட்டும் ஒப்பிட்டுப் பார்க்கத் தேர்ந்தெடுத்த 186 சமூகங்களின் மாதிரி இரண்டும் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. அந்தத் தரவை மொழி, சூழல் விவரங்களோடு சேர்த்து 2016-ல் வெளிவந்த டி-பிளேஸ் தரவுத்தளத்தை யாரும் காசில்லாமல் பார்க்கலாம்.

அருங்காட்சியகப் பக்கமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிகளான வாருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவான முகுர்து என்ற மென்பொருளில், ஒரு படத்தை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்பதை அந்தச் சமூகமே முடிவு செய்கிறது. பட்டியல் போடுகிறவருக்கு அந்த மக்களின் மரபும் தெரிந்திருக்க வேண்டும், கணினியும் தெரிந்திருக்க வேண்டும். கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண் என்பது இங்கேதான் கைகொடுக்கும். பெரியப்பாவின் ஆசையிலும் ஒரு பங்கு வீணாகவில்லை.

சரி, இப்போது அடமான விஷயம். கூடாது, ஐயா. இளங்கலையில் ஒரு மானிடவியல் மாணவி படிப்பது பெரும்பாலும் நூல்கள். பெரிய பெயருள்ள இடத்திலும் சின்ன இடத்திலும் அதே நூல்கள். வட்டி மட்டும் வேறு. இந்தத் துறையில் தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது, இடங்களும் குறைவு. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். பெருங்கடனோடு வெளியே வரும் பெண் முதல் மாதமே எந்த வேலை கிடைத்தாலும் ஓட வேண்டியிருக்கும். அப்புறம் எதற்கு இந்தப் படிப்பு? வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும். முதுகலையில் உதவித்தொகையோடு வெளியே இடம் கிடைத்தால் அப்போது போகட்டும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது தரவரிசையைப் பார்க்காதீர்கள், நேராக நூலகத்துக்குப் போங்கள். நோக்கு நூல் பிரிவில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். டேவிட் லெவின்சன் தொகுத்த உலகப் பண்பாடுகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதியும் இருக்கிறதா? 1972 முதல் வரும் மானிடவியல் ஆண்டு மதிப்பாய்வு வருகிறதா? நியூ ஹேவன் கோப்புகளுக்குச் சந்தா உண்டா? அதற்குப் பொதுவாகக் கல்லூரிகள்தான் சந்தா கட்டும். முக்கியமாக, நூலகர் இந்தக் கேள்விகளைக் கேட்டு எழுந்து வருகிறாரா, உட்கார்ந்தபடியே கையை நீட்டிக் காட்டுகிறாரா என்று பாருங்கள். எழுந்து வரும் நூலகர் உள்ள சின்னக் கல்லூரியை நான் தேர்ந்தெடுப்பேன்.

நூல்களை வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். தொகுதி தொகுதியாக வாங்கி வீட்டில் அடுக்கிய பெற்றோரைப் பார்த்திருக்கிறேன், பிள்ளை தொடவே இல்லை. நூலகத்தில் தேடக் கற்றுக்கொள்வதே பாதிப் படிப்பு. பொருளுக்கு ஓர் எண் கொடுக்கும் டூயி முறையில் அடுக்கிய நூலகத்தில் இந்த ஒரு பாடம் நான்கைந்து இடத்தில் சிதறிக் கிடக்கும். சமூகக் குழுக்கள் 305-ல், பண்பாடும் குடும்பமும் 306-ல், பழக்கவழக்கங்கள் 390-ல், நாட்டார் கதைகள் 398-ல். இது தெரியாத மாணவர் ஓர் அலமாரியைப் பார்த்துவிட்டு, இங்கே ஒன்றுமில்லை என்று போய்விடுவார்.

ஒரு எச்சரிக்கையும் அவளிடம் சொல்லுங்கள். நோக்கு நூல் என்றால் வேதவாக்கு இல்லை. எந்த வருடம், யார், யாருடைய செலவில் எழுதியது என்று முதலில் பார்க்க வேண்டும். பழைய தொகுதிகளில் பல மக்களுக்கு மற்றவர்கள் வைத்த பெயரே இருக்கும். சிலது வசைச் சொல். அந்த மக்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர் வேறாக இருக்கும். களப்பணிக்குப் போகிறவர்களுக்கு என்ன கேட்பது, எப்படிக் குறிப்பது என்று சொல்லும் கையேடு ஒன்று இங்கிலாந்தில் 1874-ல் முதலில் வந்தது, 1951-ல் ஆறாம் பதிப்பு. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், கேள்வி கேட்பவர்களே எவ்வளவு மாறியிருக்கிறார்கள் என்று தெரியும்.

இது அவளுக்கு ஒத்துவருமா என்று நானும் நீங்களும் ஊகிக்க வேண்டாம், பார்த்துவிடலாம். ஒரு மாதம் விடுங்கள். துக்கம் காப்பது, பெயர் சூட்டுவது என்று ஏதாவது ஒரு தலைப்பை அவளே எடுக்கட்டும். முதலில் ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரை, அப்புறம் அதன் கடைசியில் உள்ள நூற்பட்டியல், அதிலிருந்து இரண்டு நூல். அந்த நூல்களில் இருபது பத்திகளுக்கு அவளே எண் போடட்டும், ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று ஒரு வரி. பதினைந்தாவது பத்தியில் சலித்துவிட்டால் நல்லது, கடனில்லாமல் தெரிந்துகொண்டோம், வேறு வழி பேசலாம். இருபது முடிந்து இருபத்தொன்றுக்குப் போய்விட்டாள் என்றால், இளங்கலையில் மானிடவியல், அடுத்து நூலக, தகவல் அறிவியலில் ஒரு முதுகலை, கூடவே இன்னொரு மொழியில் படித்துப் புரிந்துகொள்ளும் அளவு பயிற்சி என்று வழியை வரைந்து தருகிறேன்.

அந்த ஒரு மாதம் பெரியப்பாவும் மாமாவும் அவளிடம் இது பற்றிப் பேசக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. அடுத்த முறை வரும்போது முதல் அரை மணி நேரம் அவள் மட்டும் உள்ளே வரட்டும். நீல நோட்டையும் இருபது பத்திகளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். 252 போட்டாளா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும்.