புதுக் காரை வீட்டிலேயே கழுவி வாக்ஸ் போடுவது எப்படி?

கேள்வி: முதல் கார் வாங்கியிருக்கிறேன், வெள்ளை ஹேட்ச்பேக். வீட்டிலேயே கழுவி வாக்ஸ் போட ஆசை. என்னென்ன வாங்க வேண்டும், எப்படிச் செய்வது? புதுக் காருக்கு உடனே வாக்ஸ் போடலாமா?

வாழ்த்துகள். கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். உடனே போடலாம். "புது பெயின்ட், மூணு மாசம் காயட்டும்" என்று யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். அது வொர்க்‌ஷாப்பில் திரும்ப அடித்த பெயின்டுக்குப் பொருந்தும் பேச்சு. ஃபேக்டரியில் சீட், வயர், பிளாஸ்டிக் எதுவும் மாட்டாத வெறும் பாடியைச் சுமார் 140 டிகிரி சூட்டில் வேகவைத்துவிடுகிறார்கள். உங்கள் கைக்கு வரும்போது அது முழுக்கக் காய்ந்த பெயின்ட். டிங்கரிங் முடிந்து அடிக்கும்போது வண்டியில் எல்லாம் மாட்டியிருக்கும், அவ்வளவு சூடு காட்ட முடியாது. அதனால்தான் அதற்கு மட்டும் ஒன்றிரண்டு மாதம் விடச் சொல்கிறார்கள்.

கழுவுவது எப்படி என்று சொல்வதற்கு முன் ஒரு விஷயம். புதுக் காரின் பளபளப்பு போவதற்கு அழுக்கைவிட, அதைத் துடைக்கும் விதம்தான் பெரிய காரணம். நீங்கள் அபார்ட்மென்டில் இருந்தால் விடிகாலையில் ஒருவர் ஒரு பக்கெட் தண்ணீரும் ஒரு துணியுமாக வந்து வரிசையாகப் பத்துக் கார்களைத் துடைத்துவிட்டுப் போவார். முதல் காரில் இருக்கும் மணல் பத்தாவது கார் வரைக்கும் பயணம் செய்யும். பெயின்டின் மேல் இருக்கும் க்ளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். தலைமுடியே சுமார் 70 மைக்ரான் இருக்கும். அந்த மெல்லிய படலத்தின் மேல் தினமும் மணல் கலந்த ஈரத்துணி போனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதைதான். ஆறு மாதம் கழித்து வெயிலில் நிறுத்திப் பார்த்தால் வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் தெரியும். வெள்ளைக் காரில் கொஞ்சம் மறையும். கறுப்பு, அடர் நீலம் என்றால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியும்.

அவரை நிறுத்தச் சொல்லவில்லை, அது அவருடைய பிழைப்பு. அதே காசைக் கொடுத்து, "அண்ணே, கண்ணாடி, டயர், உள்ளே மேட் மட்டும் பார்த்துக்கோங்க, பாடியில துணி வைக்க வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். முதல் வாரம் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார், அப்புறம் பழகிவிடும். தூசி படிந்த கார் அசிங்கமாக இருக்கிறதே என்று உங்களுக்கும் உறுத்தும். தூசி சும்மா உட்கார்ந்திருந்தால் ஒன்றும் செய்யாது, இழுத்தால்தான் கீறும். சிக்னலில் விற்கும் மஞ்சள் துணி, நீளக் கைப்பிடி வைத்த டஸ்டர், பழைய வேட்டி, கிலோ கணக்கில் கிடைக்கும் திருப்பூர் பனியன் வேஸ்ட், இவை எதுவும் பாடிக்கு வேண்டாம். பனியன் வேஸ்டில் தையலும் எலாஸ்டிக்கும் இருக்கும், டயர் துடைக்க அது அருமையான துணி.

வாங்க வேண்டியவை அதிகம் இல்லை. ஒரு கார் ஷாம்பு, கையில் மாட்டிக்கொள்கிற மைக்ரோஃபைபர் உறை ஒன்று, தடிமனான பெரிய மைக்ரோஃபைபர் துண்டு ஒன்று, சிறிய துணிகள் நான்கைந்து, வாக்ஸ், அதைத் தடவ வட்டமான ஸ்பாஞ்ச். பக்கெட் இரண்டு வேண்டும், வீட்டிலேயே இருக்கும். 3எம், மெக்வையர்ஸ், டர்டில் வாக்ஸ் என்று கடையில் கிடைப்பதில் எதை எடுத்தாலும் ஆரம்பத்துக்குப் போதும், பிராண்டை வைத்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். துணியில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பாத்திரம் கழுவும் லிக்விட், துணி சோப்புத் தூள் இரண்டையும் கிட்டே சேர்க்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் செய்த பொருளுக்கு வாக்ஸும் பிசுக்குதான், போட்டதை எல்லாம் எடுத்துவிடும்.

நம் ஊரில் கார் கழுவுவதில் பாதித் தலைவலி தண்ணீர்தான். போர் தண்ணீர் உப்பாக இருந்தால், கழுவியது காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி நிற்கும். அதில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் தங்கிவிடுவதால் வரும் புள்ளி அது. வெயில் பட்டுப் பட்டு இறுகிவிட்டால் சாதாரணமாகக் கழுவினால் போகாது. ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைச் சேமித்துக் கார் கழுவுகிறவர்கள் நிறையப் பேர். நல்ல எண்ணம்தான், ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீரைத் தவிர வழி இல்லை என்றால் கழுவுவது முழுக்க அதிலேயே செய்யுங்கள், கடைசியாக அலச மட்டும் ஒரு பக்கெட் நல்ல தண்ணீர் எடுத்து வையுங்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. புள்ளி புதிதாக இருந்தால் வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி வைத்து, உடனே நன்றாக அலசிவிட்டால் பெரும்பாலும் போய்விடும்.

ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டுக் கழுவுவதும் தேவையில்லை. ஒரு சின்னக் காருக்கு மூன்று நான்கு பக்கெட் போதும். 2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அங்கே குடிநீர் வாரியம் உத்தரவே போட்டது. 2019 கோடையைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, கழுவுவோம். காலை ஏழு மணிக்குள், அல்லது சாயங்காலம் வெயில் இறங்கி பானெட் ஆறிய பிறகு, நிழலில் நிறுத்துங்கள். சூடான பாடியில் ஷாம்பு தண்ணீர் உடனே காய்ந்து திட்டுத் திட்டாக ஒட்டும். முதலில் சக்கரங்கள். அங்கேதான் பிரேக் தூளும் தாரும் அதிகம், அதற்குத் தனித் துணி, தனிப் பிரஷ். அந்தத் துணி தப்பித் தவறியும் பாடி பக்கம் வரக்கூடாது. அடுத்து வெறும் தண்ணீரை மேலிருந்து கீழாக ஊற்றி, ஒட்டாத தூசி முழுவதையும் இறக்கிவிடுங்கள். இதில் அவசரப்படாதீர்கள், கையோ துணியோ படாமல் எவ்வளவு மண் இறங்குகிறதோ அவ்வளவுக்குக் கோடு விழாது. இரவில் நெடுஞ்சாலையில் வந்திருந்தால் முன் பம்பரில் பூச்சிகள் அடித்து ஒட்டியிருக்கும். அதன் மேல் ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டு வையுங்கள், ஊறிவிடும்.

இப்போது இரண்டு பக்கெட் எதற்கு என்றால், ஒன்றில் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். உறையை ஷாம்பு தண்ணீரில் முக்கி, டாப்பில் ஆரம்பித்து ஒரு பகுதியைத் துடைக்க வேண்டும். திரும்ப ஷாம்பில் முக்குவதற்கு முன் வெறும் தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும். மண் அந்த பக்கெட்டில் தங்கிவிடும், ஷாம்பு பக்கெட் சுத்தமாக இருக்கும். டாப், கண்ணாடிகள், பானெட், டிக்கி, கதவுகளின் மேல் பாதி, கடைசியாகக் கதவுகளின் கீழ்ப் பாதியும் பம்பர்களும். வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில் இழுங்கள், அழுத்தாதீர்கள். ஒரு பக்கம் முடிந்ததும் அலசிவிட்டு அடுத்த பக்கம் போங்கள், சோப்பு எங்கேயும் காயக்கூடாது. உறையோ துணியோ கீழே விழுந்தால் அதோடு அதன் வேலை முடிந்தது, வேறு எடுங்கள்.

துடைக்கும்போது பெரிய துண்டை அப்படியே விரித்துப் போட்டு மெதுவாக இழுத்தாலே தண்ணீரைக் குடித்துவிடும். கண்ணாடி ஓரம், கைப்பிடி, நம்பர் பிளேட் இடுக்குகளிலிருந்து கொஞ்ச நேரம் ஒழுகிக்கொண்டே இருக்கும், சின்னத் துணியால் ஒற்றி எடுங்கள். எல்லாம் முடிந்ததும் தெருவில் ஒரு சுற்று ஓட்டி நாலைந்து முறை பிரேக் பிடித்துவிட்டு வந்து நிறுத்துங்கள். இதைப் பலர் சொல்வதில்லை. ஈரத்தோடு ஹேண்ட் பிரேக் போட்டு இரண்டு நாள் விட்டால், பின் சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வண்டிகளில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். முன் டிஸ்க்கில் மறுநாள் காலை செம்மஞ்சளாகத் துரு தெரிந்தால் பயப்பட வேண்டாம், முதல் சில பிரேக்கில் போய்விடும். ஈரக் காரின் மேலோ தூசிக் காரின் மேலோ கவர் போடாதீர்கள்.

கோவில் வாசலில் பூஜை போட்டிருப்பீர்கள், பானெட்டில் சந்தனமும் குங்குமமும் இருக்கும். காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டாமல் தண்ணீர் விட்டு ஊறவைத்து வழித்துவிடுங்கள். மஞ்சள்தூள் கறை வெயிலில் தானாகவே மங்கிவிடும். குங்குமம் அப்படி இல்லை, சாயம் கலந்ததாக இருந்தால் வெள்ளைக் காரில் நின்றுவிடலாம். அன்றைக்கு ராத்திரியே கழுவினால் சாமி கோபித்துக்கொள்ளாது. இன்னொரு அவசரம் பறவை எச்சம். அதில் உள்ள அமிலம் மே மாத வெயிலில் சீக்கிரமே க்ளியர் கோட்டை அரித்துத் தடம் பதித்துவிடும். டிக்கியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு மைக்ரோஃபைபர் துணியும் எப்போதும் கிடக்கட்டும்.

இனி வாக்ஸ். கடையில் கேட்கும்போது கவனம். "பாலிஷ்", "ரப்பிங் காம்பவுண்ட்", "வாக்ஸ்" மூன்றையும் ஒரே பொருள் மாதிரி எடுத்துக் கொடுப்பார்கள். முதல் இரண்டிலும் பொதுவாக நுண்ணிய தேய்ப்புத் துகள் இருக்கும், க்ளியர் கோட்டைக் கொஞ்சம் சீவி எடுத்துத்தான் அவை பளபளப்பைக் காட்டுகின்றன. புதுக் காருக்குச் சீவ வேண்டிய அவசியமே இல்லை. வாக்ஸ் எதையும் எடுக்காது, மேலே ஒரு படலம் போடும். கார்னாபா என்று டப்பாவில் பார்த்திருப்பீர்கள். அது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு வகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு, உருகுவதற்கு 80 டிகிரிக்கு மேல் வேண்டும். இருந்தாலும் நம் வெயிலுக்கும் மழைக்கும் ஒன்றிரண்டு மாதம்தான் தாங்கும். சீலன்ட் என்று விற்கும் செயற்கை வகை இன்னும் சில மாதம் கூடுதலாக நிற்கும். பளபளப்பு கார்னாபாவில் கொஞ்சம் அழகு, எனக்குப் பிடித்ததும் அதுதான்.

கழுவி முழுக்க உலர்ந்த காரில், நிழலில் போடுங்கள். ஸ்பாஞ்சில் கொஞ்சமாக எடுத்து, ஒரு நேரத்தில் பானெட்டில் பாதி, ஒரு கதவு என்று சின்னப் பகுதியாகத் தடவுங்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அளவுக்கு மெல்லியதாக. நிறையப் போட்டால் நிறையப் பாதுகாப்பு என்பதெல்லாம் கிடையாது, துடைத்து எடுக்கும்போது கைதான் வலிக்கும். சில நிமிடத்தில் மங்கலாகப் படியும். ஒரு விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். விரல் போன இடம் பளிச்சென்று இருந்தால் துடைக்கலாம், இழுவினால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். டப்பாவில் உடனே துடைக்கச் சொல்லியிருந்தால் அதைக் கேளுங்கள். துணியைத் திருப்பித் திருப்பி உலர்ந்த பக்கத்தால் துடைத்து முடியுங்கள்.

கறுப்பு பிளாஸ்டிக் பகுதிகளில் வாக்ஸ் பட்டால் வெள்ளையாகப் படிந்து மானத்தை வாங்கும், ஓரத்தில் மாஸ்க்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். முன் கண்ணாடியிலும் வேண்டாம், மழை நாளில் வைப்பர் ஓடும்போது படலமாக இழுக்கும்.

அடுத்த முறை எப்போது என்பதைத் தண்ணீரே சொல்லிவிடும். தண்ணீர் விட்டதும் முத்து முத்தாக உருண்டால் வாக்ஸ் இருக்கிறது, பரவலாகப் படுத்துக்கொண்டால் போய்விட்டது. கழுவுவது வாரம் ஒரு முறை போதும், வண்டி அதிகம் ஓடாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. மைக்ரோஃபைபர் துணிகளை மற்றத் துணிகளோடு போடாமல் தனியாகத் துவையுங்கள். துணியை மென்மையாக்கும் லிக்விட் சேர்த்தால் அவற்றின் உறிஞ்சும் தன்மை போய்விடும்.

ஷோரூமில் பல ஆயிரம் ரூபாய்க்கு ஏதாவது கோட்டிங் போடச் சொல்லிக் கேட்டிருப்பார்கள், நீங்களும் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். பெயின்டின் மேல் இறுகிப் படியும் செராமிக் கோட்டிங் நல்ல பொருள்தான், சரியாகப் போட்டால் வருடக் கணக்கில் நிற்கும். ஆனால் அதன் மேலும் அழுக்குத் துணி போனால் கோடு விழும். முதல் வருடம் நீங்களே கழுவிப் பாருங்கள், அந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்த பிறகு அந்தக் காசைச் செலவு செய்யலாம். இன்னும் டெலிவரி எடுக்காதவர்கள் இதைப் படித்தால் ஒரு விஷயம்: "வண்டியை வாட்டர் வாஷ் பண்ண வேண்டாம், நான் வீட்டில் பார்த்துக்கொள்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லி, ஆர்டர் ஃபார்மிலும் எழுதச் சொல்லுங்கள். முதல் கோடு அங்கேயே விழுந்துவிடுவது உண்டு.